சாவி யார் கையில, பிள்ளை யார் கையில? வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல ஜீவனாம்சம் பத்தி எழுதினதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பெரும்பாலானவங்க கேட்டிருக்கிறது ரெண்டே விஷயம்தான், பிரிஞ்சுட்டா வீட்டுல யார் இருக்கலாம், பிள்ளைங்க யார்கிட்ட இருக்கணும். குடும்ப நல கோர்ட்டுல பல வருஷமா வழக்கு நடத்துற வக்கீலா எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்குற ஒண்ணை முதல்லயே சொல்லிடுறேன். எல்லாரும் கடைசித் தீர்ப்பையே நினைச்சுக்கிட்டு இருக்காங்க, ஆனா வழக்கு முடியுறதுக்குள்ள பிள்ளை யூகேஜில இருந்து நாலாம் கிளாஸ் போயிடுது. அதனால வழக்கு போட்ட முதல் சில மாசத்துல நீங்க கேட்டு வாங்குற இடைக்கால உத்தரவுதான், அதாவது வழக்கு முடியுற வரைக்கும் கோர்ட் போட்டு வைக்குற உத்தரவுதான், உங்க பிள்ளையோட நிஜ வாழ்க்கை. கீழ உள்ள எல்லா பதிலையும் இதை மனசுல வெச்சுக்கிட்டே படிங்க.

கேள்வி: கல்யாணமாகி பதினோரு வருஷம், ரெண்டு பிள்ளைங்க. வீடு மாமியார் பேர்ல இருக்கு. கணவர் ஆறு மாசம் முன்னாடி சண்டை போட்டுட்டு தனியா வாடகைக்குப் போயிட்டார். இப்ப மாமியார் "என் பையனே இங்க இல்ல, நீ எந்த உரிமையில இருக்க, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு"ங்குறாங்க. தெரிஞ்சவங்களும் மாமியார் பேர்ல இருந்தா உனக்கு ஒண்ணும் கிடையாதுன்னு பயமுறுத்துறாங்க. நான் கிளம்பணுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கிளம்பாதீங்க சகோதரி. உங்களுக்குத் தெரிஞ்சவங்க சொல்றது பழைய கதை. 2006-ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல, வீடு கணவருக்குச் சொந்தமா இருக்கணும், இல்ல அவர் வாடகைக்கு எடுத்ததா இருக்கணும், இல்ல அவருக்கும் பங்கு உள்ள கூட்டுக்குடும்பச் சொத்தா இருக்கணும், அப்பத்தான் மனைவி அங்க இருக்க உரிமை கேக்கலாம்னு சொல்லியிருந்தாங்க, அதை வெச்சு எத்தனையோ பெண்களை ராத்திரியோட ராத்திரியா வெளிய அனுப்பியிருக்காங்க. 2020 அக்டோபர்ல மூணு நீதிபதிங்க அமர்வு அந்த விளக்கம் தப்புன்னு மாத்திட்டாங்க. நீங்க அந்த வீட்டுல குடும்பமா நிலையா வாழ்ந்திருந்தா, பத்திரம் மாமியார் பேர்ல இருந்தாலும் மாமனார் பேர்ல இருந்தாலும், 2005-ம் வருஷத்து குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அங்க குடியிருக்குற உரிமையை நீங்க கேக்கலாம். இந்தச் சட்டத்துக்கு மதம் கிடையாது, எல்லாருக்கும் பொருந்தும்.

அடி உதை இருந்தாத்தான் இந்தச் சட்டம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. செலவுக்குப் பணம் தராம நிறுத்துறது, வீட்டை உபயோகிக்க விடாம பண்றது, கரண்ட் கனெக்‌ஷனைப் புடுங்குறது இதெல்லாம் கூடப் பொருளாதார வன்முறையா இந்தச் சட்டத்துல வரும். மாஜிஸ்திரேட் கோர்ட்டுல மனு போட்டா, அவசரம்னு தெரிஞ்சா எதிர்த்தரப்பு வர்றதுக்கு முன்னாடியே இடைக்காலமா உங்களை வெளியேத்தக் கூடாதுன்னு உத்தரவு தர முடியும். நேரா வக்கீலைப் பாக்க வசதி இல்லன்னா மாவட்ட சமூக நல அலுவலகத்துல இருக்குற பாதுகாப்பு அலுவலரைப் போய்ப் பாருங்க, நடந்ததை அவங்களே அறிக்கையா எழுதி கோர்ட்டுக்கு அனுப்புவாங்க. அவசரத்துக்கு பெண்கள் உதவி எண் 181.

ஆனா ஒண்ணைத் தெளிவாப் புரிஞ்சுக்கணும். இது குடியிருக்குற உரிமை, சொத்துல பங்கு இல்ல. வயசானவங்க நிம்மதியையும் கோர்ட் பாக்கும், ஒரே வீட்டுல ரெண்டு தரப்பும் இருக்கவே முடியாதுன்னு தோணுச்சுன்னா, அதே மாதிரி வசதியுள்ள வேற வீடு பாத்துக் குடு, இல்ல வாடகையைக் குடுன்னு உங்க கணவருக்கு உத்தரவு போடலாம். அந்த மாதிரி உத்தரவு வந்தா தோத்துட்டோம்னு நினைக்காதீங்க. தினமும் சமையலறையில நடக்குற சண்டைக்கு நடுவுல பிள்ளைங்க படிக்குறதை விட சின்னதா ஒரு வாடகை வீடு எவ்வளவோ மேல். மாமியார் மூத்த குடிமக்கள் சட்டத்துல மனு போட்டு உங்களைக் காலி பண்ண வைக்கப் பாக்கலாம், அது ஒண்ணை மட்டும் வெச்சு உங்க உரிமையைத் தூக்கிப் போட்டுட முடியாதுன்னு 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. நோட்டீஸ் வந்தா மட்டும் தயவுசெஞ்சு கண்டுக்காம விட்றாதீங்க, ஆஜராகி இதைச் சொல்லுங்க.

இன்னைக்கே பண்ண வேண்டியது, அந்த அட்ரஸ்ல நீங்க இருந்ததுக்கான காகிதம் எல்லாம் சேருங்க. ரேஷன் கார்டு, சமையல் கேஸ் சிலிண்டர் புக், ஆதார், பிள்ளைங்க ஸ்கூல் டைரியோட முதல் பக்கம், கூரியர் வந்த கவர் கூடப் போதும். எல்லாத்தையும் போட்டோ எடுத்து உங்க கூடப் பொறந்தவங்க யாருக்காவது அனுப்பி வைங்க, ஏன்னா ஒருநாள் கடைக்குப் போயிட்டு வந்தா பூட்டு மாறியிருக்கும், காகிதம் எல்லாம் உள்ள மாட்டிக்கிட்டிருக்கும். நான் பாத்த ஒரு வழக்குல அந்தம்மா கையில இருந்த ஒரே ஆதாரம் பிள்ளையோட தடுப்பூசி அட்டை. பத்து வருஷமா ஒரே அட்ரஸ், ஹெல்த் சென்டர்ல நர்ஸ் கையெழுத்தோட. அதை வெச்சுத்தான் இடைக்கால உத்தரவு வாங்கினோம்.

உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் யோசிக்கவே யோசிக்காதீங்க, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உடனே வெளிய வந்துடுங்க. வெளிய வந்துட்டதால உரிமை போயிடாது, முன்னாடி வாழ்ந்திருந்தாலே போதும். பிள்ளைங்களை அங்க விட்டுட்டு நீங்க மட்டும் வர்றதுதான் பின்னாடி பெரிய கஷ்டமாயிடும். நாலு மாசம் கழிச்சு கஸ்டடி கேக்கும்போது "பிள்ளைங்க இங்க பழகிட்டாங்க, ஸ்கூல் இங்க இருக்கு, எதுக்குக் கலைக்கணும்"னு எதிர்த்தரப்பு கேக்கும், அந்தக் கேள்விக்கு கோர்ட்டுல மதிப்பு இருக்கு. வீட்டு வழக்கும் பிள்ளை வழக்கும் சட்டத்துல வேற வேறயா இருந்தாலும் வாழ்க்கையில ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுத்தான் இருக்கு.

கேள்வி: என் பொண்ணுக்கு நாலு வயசு. மனைவி அவங்க அம்மா வீட்டுக்குப் போய் அஞ்சு மாசமாச்சு, பிள்ளையைக் கண்ணுல காட்டல, போன் பண்ணா கட் பண்றாங்க. காட்டாத பிள்ளைக்கு நான் எதுக்குப் பணம் அனுப்பணும்னு நிறுத்திட்டேன். அஞ்சு வயசு வரைக்கும் அம்மாகிட்டத்தான்னு சட்டமே இருக்காம், அப்ப நான் ஒரு வருஷம் காத்திருந்துட்டு கேஸ் போடலாமா?

பதில்: தம்பி, உங்க வேதனை புரியுது, ஆனா ரெண்டு தப்பு பண்ணிக்கிட்டு இருக்கீங்க, அதை நேராவே சொல்றேன்.

முதல் தப்பு பணத்தை நிறுத்தினது. பிள்ளைக்குக் குடுக்குற பணமும் பிள்ளையைப் பாக்குற உரிமையும் தனித்தனி, ஒண்ணுக்கு இன்னொண்ணு பதில் இல்ல. உங்க பொண்ணு பால் குடிக்குறதும் ஸ்கூல் போறதும் நீங்க பாத்தாலும் பாக்காட்டியும் நடக்கணுமில்ல. ஜீவனாம்சத்துக்கு முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 125-வது பிரிவுன்னு சொல்லிட்டு இருந்தது 2024 ஜூலையில இருந்து அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல 144-வது பிரிவு, அதுல உத்தரவு வந்ததுக்கப்புறம் கட்டலன்னா வாரண்ட் வரும், ஜெயிலுக்குக் கூடப் போக வேண்டியிருக்கும். அதுவுமில்லாம மனு போட்ட தேதியில இருந்தே கணக்குப் போட்டுக் குடுக்கணும்னு 2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ரெண்டு பேரும் சம்பளம், சொத்து, கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்டா, அதாவது உறுதிமொழியோட கையெழுத்துப் போட்ட வாக்குமூலமா தரணும்னும் அதே தீர்ப்புல இருக்கு. இன்னைக்கே அனுப்புங்க, பேங்க் வழியா அனுப்புங்க, குறிப்புல பிள்ளை செலவுக்குன்னு போடுங்க.

ரெண்டாவது தப்பு காத்திருக்கலாம்னு நினைக்கிறது. அஞ்சு வயசுன்னு நீங்க கேள்விப்பட்டது 1956-ம் வருஷத்து இந்து இளவர் சட்டத்துல இருக்கு, சாதாரணமா அம்மாகிட்ட இருக்கணும்னுதான் சொல்லுது, அப்பா பாக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல. இந்த ஒரு வருஷத்துல உங்க முகமே அவளுக்கு மறந்துடும். நாலு வயசுப் பிள்ளைக்கு அஞ்சு மாசங்குறது எவ்வளவு நீளம்னு யோசிச்சுப் பாருங்க. பிள்ளை இப்ப எங்க வழக்கமா இருக்காளோ அந்த ஊர் கோர்ட்டுலதான் 1890-ம் வருஷத்து கார்டியன் சட்டப்படி மனு போடணும், உங்க ஊர்ல போட்டா அதிகார வரம்பு சண்டையிலயே ஒரு வருஷம் ஓடிடும். மெயின் மனுவோட சேர்த்தே இடைக்கால விசிட்டேஷன், அதாவது பிள்ளையைப் பாக்குற அனுமதி கேட்டு ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) போடுங்க. நேர்ல பாக்க முடியாத நாள்ல போன்லயோ வீடியோ கால்லயோ பேசுறதும் பிள்ளையோட உரிமைன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதையும் கேளுங்க. கிழமை, மணி, எந்த நம்பர்னு குறிப்பாக் கேளுங்க.

முதல்ல பெரும்பாலும் கோர்ட் வளாகத்துலயே ஒரு ரூம்ல ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்தான் தருவாங்க. அந்த நேரத்தை எப்படிச் செலவழிக்கிறதுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால சொல்றேன். ஒரு அப்பாவை நாலு வாரம் தொடர்ந்து பாத்தேன். முதல் வாரம் ரெண்டு கை நிறைய பொம்மை, ரிமோட் கார், பெரிய சாக்லேட் டப்பா எல்லாம் தூக்கிட்டு வந்தார், பிள்ளை அம்மாவோட துப்பட்டாவைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல, இவர் "அப்பாடா, அப்பாகிட்ட வாடா"ன்னு கெஞ்சக் கெஞ்ச அது இன்னும் ஒட்டிக்கிச்சு. மூணு வாரம் இதே கதை. நாலாவது வாரம் வெறும் கலர் பென்சிலும் ஒரு நோட்டும் மட்டும் எடுத்துட்டு வந்து கூப்பிடாம தரையில உக்காந்து யானை வரைய ஆரம்பிச்சார். கால் மணி நேரம் தள்ளி நின்னு பாத்துட்டு பிள்ளை மெதுவா வந்து "யானைக்கு வாலைக் காணோம்"னு சொல்லிட்டு பென்சிலை வாங்கிக்கிச்சு. அன்னைக்கு அந்த மனுஷன் அழுதது எனக்கு இன்னும் மறக்கல. நீங்களும் அவசரப்படாதீங்க, அம்மா எங்க, தாத்தா என்ன சொன்னாருன்னு எதையும் விசாரிக்காதீங்க, ஒரு வாய்தாவும் தவறாம போங்க. ஒழுங்கா வந்து போனதுக்கான பதிவு இருந்தா அடுத்த மனுவுல வெளிய கூட்டிட்டுப் போகவும், அப்புறம் ராத்திரி தங்க வைக்கவும் படிப்படியாக் கேக்கலாம்.

கேள்வி: பிளாட் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, லோனும் ரெண்டு பேர் பேர்ல. பிரிஞ்சு ஒரு வருஷம், நான் வெளிய வாடகைக்கு இருக்கேன், இ.எம்.ஐ. பாதி நான்தான் கட்டுறேன். டைவர்ஸ் ஆனா பாதி வீடு தானா வந்துடுமா?

பதில்: தானா எதுவும் வராது. கல்யாணத்துக்கப்புறம் வாங்கின சொத்து எல்லாம் பாதிப் பாதின்னு சில வெளிநாடுகள்ல இருக்குற மாதிரி சட்டம் நம்ம நாட்டுல கிடையாது, பத்திரத்துல யார் பேர், எவ்வளவு பங்குன்னுதான் முதல்ல பாப்பாங்க. உங்க பேர் இருக்குறதால நீங்க சக உரிமையாளர், பாகப்பிரிவினை கேக்கலாம், கணவன் மனைவிக்குள்ள உள்ள சொத்துத் தகராறை குடும்ப நல கோர்ட்டே விசாரிக்கும். பேங்குக்கு உங்க சண்டை சம்பந்தமே இல்ல, அவர் கட்டலன்னா முழுத் தவணையையும் உங்ககிட்டயே கேப்பாங்க, சிபில் ஸ்கோரும் ரெண்டு பேருக்கும்தான் விழும். அதனால கோபத்துல நிறுத்திடாதீங்க, கட்டின ஒவ்வொரு மாசத்து ஸ்டேட்மென்ட்டும் வெச்சிருங்க. பேசி முடிச்சு ஒருத்தர் விட்டுக் குடுக்குறதா இருந்தா விடுதலைப் பத்திரம் ரிஜிஸ்டர் பண்ணணும், கடன் பாக்கி இருந்தா பேங்க் சம்மதமும் வாங்கி லோன்ல இருந்து உங்க பேரை எடுக்கணும். வீட்டுல இருந்து மட்டும் பேரை எடுத்துட்டு லோன்ல விட்டுட்டவங்களை நான் பாத்திருக்கேன், பாவம், இல்லாத வீட்டுக்கு இன்னும் பொறுப்பாளி.

கேள்வி: என் பேரனுக்கு ஒன்பது வயசு, மகளோட என்கிட்டத்தான் இருக்கான். அடுத்த வாய்தாவுல ஜட்ஜ் பிள்ளைகிட்ட தனியாப் பேசணும்னு சொல்லியிருக்காங்க. "அப்பாகிட்ட போகமாட்டேன்"னு சொல்லப் பழக்குங்கன்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. என்ன பண்றது?

பதில்: உங்க மனசு சொல்றதுதான் சரி அம்மா, அதையே கேளுங்க. சொந்தமா யோசிச்சு விருப்பம் சொல்ற பக்குவம் இருந்தா பிள்ளையோட விருப்பத்தையும் கோர்ட் கவனிக்கலாம்னு சட்டம் சொல்லுது, ஆனா அது ஓட்டுப் போடுற மாதிரி இல்ல. பிள்ளை சொல்றது அவனோட வார்த்தையா, பெரியவங்க வாயில வெச்ச வார்த்தையான்னு ஜட்ஜ் பாப்பாங்க, ரொம்ப நாளா பிள்ளைங்ககிட்ட பேசிப் பழகினவங்க அவங்க.

ஒரு தடவை ஜட்ஜோட தனி அறையான சேம்பருக்குள்ள போன பையன், இதே வயசுதான் இருக்கும், உள்ள நுழைஞ்சு உக்காரக்கூட இல்ல, "எங்கப்பா பொறுப்பற்றவர்"னு ஒப்பிச்சான். ஜட்ஜம்மா கோபப்படல, தண்ணி குடிக்கச் சொல்லிட்டு "பொறுப்பற்றவர்னா என்ன கண்ணா"ன்னு கேட்டாங்க. அவன் திரும்பி கதவைப் பாத்தான். கதவுக்கு வெளிய மாமா நிக்குறது தெரியுமில்ல. அப்புறம் ஸ்கூல்ல யார் ஃபிரெண்டு, சைக்கிள் யார் ஓட்டச் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டப்ப "அப்பா"ன்னு சொல்லிட்டு, உடனே தப்பா சொல்லிட்டமோன்னு வாயை மூடிக்கிட்டான். அந்தப் பிள்ளை முகத்துல தெரிஞ்ச பயத்தை நினைச்சா எனக்கு இப்பவும் வயித்தைப் பிசையுது. சொல்லிக் குடுத்தவங்களுக்கு அந்த வழக்குல ஒரு லாபமும் இல்ல. அப்பா மேலயோ அம்மா மேலயோ வெறுப்பைப் புகட்டுறது பிள்ளை மனசை எப்படிக் கெடுக்கும்னு சுப்ரீம் கோர்ட்டே 2017-ல ஒரு கஸ்டடி தீர்ப்புல எழுதியிருக்கு.

அன்னைக்கு நேரத்தோட தூங்க வைங்க, காலையில நல்லா சாப்பிட வைங்க, அவனுக்குப் பிடிச்ச புத்தகம் ஒண்ணு கையில குடுங்க, ஏன்னா பத்தரைக்கு வரச் சொன்னா மதியம் மூணு மணிக்குத்தான் கூப்பிடுவாங்க. அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க: "உனக்குத் தோணுறதைச் சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, என்ன சொன்னாலும் பாட்டி கோச்சுக்க மாட்டேன்." வெளிய வந்ததும் என்ன கேட்டாங்க, என்ன சொன்னன்னு கேக்காதீங்க, வீட்டுல யாரையும் கேக்க விடாதீங்க. அப்பாவால நிஜமாவே பிள்ளைக்கு ஆபத்து இருந்தா, அடிச்சது, குடிச்சுட்டு வண்டி ஓட்டினது மாதிரி, அதைப் பெரியவங்க நீங்க அஃபிடவிட்ல ஆதாரத்தோட சொல்லணும். அந்தச் சுமை ஒன்பது வயசுத் தோளுக்கு இல்ல.

கேள்வி: வக்கீல் வெக்கக் காசில்ல. வழக்கு போட முடியுமா?

பதில்: முடியும். குடும்ப நல கோர்ட்டுல நீங்களே நேர்ல பேசலாம், சொல்லப்போனா அங்க வக்கீல் வெச்சுக்கிறதுதான் கோர்ட் அனுமதியோட. பெண்களுக்கும் பிள்ளைங்களுக்கும் எவ்வளவு வருமானம் இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, ஆண்களுக்குப் பொதுவா வருமான வரம்பு இருக்கு. கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், போன்ல 15100.

கேள்வி: நாங்க ரெண்டு பேரும் சண்டை இல்லாமத்தான் பிரியுறோம். ஆறு வயசுல ஒரு பொண்ணு. மியூச்சுவல் கன்சென்ட், அதாவது ரெண்டு பேர் சம்மதத்தோட வாங்குற டைவர்ஸ்ல, ஒப்பந்தத்துல பிள்ளை பத்தி என்னென்ன எழுதணும்? ஆறு மாசம் காத்திருந்தே ஆகணுமா?

பதில்: மனு போட்டதுக்கப்புறம் காத்திருக்கணும்ங்குற ஆறு மாசத்தை, எல்லா விஷயமும் பேசி முடிச்சிருந்தா கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு 2017-லயே தீர்ப்பு வந்துடுச்சு, தனியா மனு போட்டுக் கேக்கணும். ஆனா அந்த அவசரத்துல பிள்ளை பத்தி "இருவரும் பேசி முடிவு செய்து கொள்வார்கள்"னு ஒரு வரியில முடிச்சுடாதீங்க. இன்னைக்கு ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்கிறீங்க, நாளைக்கு ஒருத்தருக்கு மறுமணம் ஆகலாம், வேலை வேற ஊருக்கு மாறலாம், அப்ப அந்த வரி உதவாது.

எந்தச் சனி ஞாயிறு யார்கிட்ட, எத்தனை மணிக்கு யார் கொண்டு விடுறது, கோடை லீவை எப்படிப் பிரிக்கிறது, பரீட்சை சமயத்துல எங்க இருப்பா, பிறந்தநாள் எந்த வருஷம் யார் வீட்டுல, ஸ்கூல் மாத்தணும்னா ரெண்டு பேர் சம்மதமும் வேணுமா, பாஸ்போர்ட் யார் கையில, ஆஸ்பத்திரியில சேர்த்தா எவ்வளவு நேரத்துக்குள்ள மத்தவங்களுக்குச் சொல்லணும், இதையெல்லாம் எழுதுங்க. பிள்ளை செலவுக்கு மாசத் தொகை எழுதும்போது வருஷா வருஷம் எவ்வளவு கூடும்னும் சேர்த்து எழுதுங்க, ஸ்கூல் ஃபீஸை அதுக்குள்ள அடக்காம தனியா வைங்க. "எனக்கு ஜீவனாம்சம் வேணாம், பிள்ளைக்கும் வேணாம்"னு சில அம்மாக்கள் விரக்தியில கையெழுத்துப் போட்டுடுறாங்க. உங்களுக்கு வேணாம்னு நீங்க சொல்லலாம், பிள்ளைக்கு வரவேண்டியதை விட்டுக் குடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்ல, பின்னாடியும் கேக்கலாம். கஸ்டடி உத்தரவும் அப்படித்தான், எப்பவுமே முடிஞ்சு போனது கிடையாது, பிள்ளையோட நிலைமை மாறினா திரும்பக் கோர்ட்டுக்குப் போய் மாத்தச் சொல்லலாம்.

ஒரு தம்பதி கொண்டு வந்த ஒப்பந்தத்துல பதினேழாவது வரியா "பிள்ளையின் பூனை பிள்ளையோடு இரு வீட்டுக்கும் வரும்"னு இருந்துச்சு. டைப் பண்ணவரு தப்பா அடிச்சுட்டாரோன்னு நினைச்சுக் கேட்டேன், இல்ல மேடம், அவ கேட்டது அது ஒண்ணுதான்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னாங்க. உங்க பொண்ணுகிட்டயும் கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.